லோடு வண்டியின் முன் பிரேக் தகராறு: காலிப்பரை மாற்றும் முன்பும் மாற்றும்போதும்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குள் தினமும் போய்வரும் லோடு வண்டிக்கு முன் பிரேக்கில் தகராறு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஐஸ் உருகிய தண்ணீரும் கடல் தண்ணீரும் தரையெல்லாம் நிற்கும். அதில் உருண்டு வெளியே வந்து, எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பிரேக்கை மிதித்து மிதித்து ஊர வேண்டும். சக்கரம் வாரியடிக்கும் உப்புத் தண்ணீரும் மணலி பக்கத்துப் புழுதியும், பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் சந்துபொந்தெல்லாம் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் ஒரு நாள் சக்கரம் சூடாகும், வண்டி இழுக்கும். "காலிப்பர் போச்சுண்ணா, புதுசு போட்டுடலாம்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வார்கள்.

போயிருக்கலாம். ஆனால் காலிப்பர் மேல் பழி விழும் பல வண்டிகளில் உண்மையில் இறுகியிருப்பது அதைத் தாங்கும் இரண்டு இரும்புப் பின்கள்தான் (pin). சிலவற்றில் அடைத்திருப்பது காலிப்பருக்குப் பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸ். இரண்டுமே காலிப்பர் விலையில் கொஞ்சம்தான் ஆகும். பழுது ஹோஸில் இருக்கும்போது புதுக் காலிப்பர் போட்டால், காசும் போய் சக்கரமும் பழையபடி சூடாகும். அதனால் அறிகுறியிலிருந்து தொடங்குவோம். கழற்றுவது அப்புறம்.

இங்கே சொல்வதெல்லாம் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள சின்ன சரக்கு வண்டிகளுக்கு. குட்டி யானை (டாடா ஏஸ்), பொலிரோ பிக்கப், தோஸ்த் எல்லாம் இந்த வகைதான்.

வேலைக்கு முன் ஒரு விஷயம் மனதில் இருந்தால் போதும், மீதி தானாகப் புரியும். இந்த வண்டிகளில் காலிப்பர் நகரும் வகை. பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் இருக்கும். பிரேக்கை மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்து, உள்பக்க பேடை (உரசிப் பிடிக்கும் கட்டை) சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கில் அழுத்தும். அந்த எதிர்விசையில் காலிப்பர் உடல் முழுவதும் இரண்டு பின்கள் மேல் வழுக்கி, வெளிப்பக்க பேடை இழுத்துக்கொண்டு வந்து மறுபக்கம் அழுத்தும். காலை எடுத்ததும் பிஸ்டனைத் திரும்ப இழுக்க உள்ளே ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர விளிம்பு ரப்பர் சீல், முறுக்கிக்கொண்டது நிமிரும்போது, பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கிறது. அவ்வளவுதான் விடுதலை. அந்த மயிரிழைக்குள் துரு வந்தால் பேட் டிஸ்க்கை விடாது.

ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறது, கருகல் வாடை வருகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். கூடவே வண்டியைத் தள்ளினால் கனக்கும், டீசல் அதிகம் குடிக்கும், அந்தப் பக்கத்து ரிம்மில் மட்டும் கறுப்புத் தூசி அப்பியிருக்கும்.

முதலில் எந்தச் சக்கரம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நாலைந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். பிரேக்கை முடிந்தவரை தொடாமல், கியரைக் குறைத்தே வேகத்தைக் குறைத்து நிறுத்துங்கள். இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், கொப்பளித்துவிடும். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் ஆள் கிடைத்துவிட்டது. சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. செய்யாதீர்கள், டிஸ்க் கோணிக்கொள்ளும்.

முன் சக்கரம் இரண்டுமே சூடு என்றால் காலிப்பரை மறந்துவிடுங்கள். இரண்டும் ஒரே நாளில் இறுகுவது அபூர்வம். பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் அழுத்தத்தை முழுதாக விடவில்லை, அல்லது பெடலில் துளியும் இடைவெளி (ப்ளே) இல்லாமல் தள்ளு கம்பி எப்போதும் முட்டிக்கொண்டிருக்கிறது. ஓட்டுபவர் பெடல் மேல் கால் வைத்தபடியே ஓட்டுகிறாரா என்றும் கேளுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பின் சக்கரம் சூடென்றால் ஹேண்ட் பிரேக் கேபிளைப் பாருங்கள். முன் சக்கரம் ஒன்று சூடாகி, கூடவே ஊளைச் சத்தமும் வந்தால், சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் பேரிங்.

சரி, முன் சக்கரம் ஒன்றுதான், பேரிங்கும் நன்றாக இருக்கிறது. இப்போது செய்ய வேண்டிய சோதனைக்கு ஒரு ஸ்பேனரும் ஒரு ரப்பர் ட்யூபும் போதும். ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

வண்டியைத் தூக்கி, அடியில் தாங்கும் இரும்பு ஸ்டாண்டில் நிறுத்தி, அந்தச் சக்கரத்தைக் கழற்றுங்கள். எப்படித் தூக்குவது என்று கீழே வருகிறது. கழன்ற இரண்டு நட்டைப் போட்டு டிஸ்க்கை இடத்தில் பிடித்துவைத்துவிட்டு, இன்னொருவரைப் பிரேக்கை நாலு முறை நன்றாக மிதித்து விடச் சொல்லுங்கள். டிஸ்க்கைக் கையால் சுற்றிப் பாருங்கள், சுற்றாது. இப்போது காலிப்பரின் மேலே உள்ள நிப்பிளில் (ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் சின்னத் திருகு) ட்யூபை மாட்டி, மறுமுனையை ஒரு பாட்டிலில் விட்டு, நிப்பிளைக் கால் சுற்று திறங்கள்.

பிரேக் ஆயில் பீச்சியடித்து, டிஸ்க் உடனே விட்டுவிட்டதா? அப்படியென்றால் பிஸ்டனும் பின்னும் நிரபராதிகள். பெடலை விட்ட பிறகும் அழுத்தம் உள்ளே சிக்கிக்கொண்டிருந்தது. அது எங்கே சிக்கியது என்று பார்க்க நிப்பிளை மூடி, மறுபடியும் மிதித்து, மறுபடியும் ஜாம் ஆகவிடுங்கள். இந்த முறை நிப்பிளைத் தொடாமல், ரப்பர் ஹோஸ் சேஸிஸ் பக்கம் இரும்புக் குழாயோடு சேரும் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். டிஸ்க் விட்டால் அடைப்பு அதற்கு மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம். விடவில்லை என்றால் குற்றவாளி ஹோஸ்தான். வயதான ஹோஸ் வெளியே பார்க்கப் புதிது போலவே இருக்கும். உள்ளே ரப்பர் உப்பி மடிந்து, ஒருவழிக் கதவு போல ஆயிலைப் போகவிட்டுத் திரும்ப விடாது.

நிப்பிளைத் திறந்தும் டிஸ்க் அசையவில்லை என்றால் கோளாறு இரும்பில் இருக்கிறது. பின், பிஸ்டன், பேட் உட்காரும் இடம், இந்த மூன்றில் ஒன்று.

முதலில் பின்கள். காலிப்பரைப் பின் மேல் வைத்தபடியே கையால் உள்ளே வெளியே அசைத்துப் பாருங்கள். கை பலத்துக்கு வழுக்க வேண்டும். வழுக்கவில்லை என்றால் பின்னைக் கழற்றுங்கள். மீன் வண்டிகளில் இதை உருவும்போது வெளியே வருவதைப் பார்க்க வேண்டும்: பூட் (பின்னை மூடும் ரப்பர் உறை) ஒரு பக்கம் கிழிந்திருக்கும், கிரீஸ் காய்ந்து காபிப் பொடி நிறத்தில் கட்டிதட்டியிருக்கும், பின்னின் நடுவில் விரல் வைத்தால் துருச் செதில் உரியும். நைஸ் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பானால் அதே பின்னைப் போடலாம். குழி விழுந்திருந்தால் புதுப் பின். பூட் எப்படியும் புதிதுதான். மேல் பின்னும் கீழ்ப் பின்னும் சில வண்டிகளில் வேறு வேறு, ஒன்றில் ரப்பர் புஷ் இருக்கும். கழற்றும்போதே எது மேலே, எது கீழே என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பேட் உட்காரும் பிராக்கெட். பேடின் இரண்டு காதுகளும் அதில் தாராளமாக நகர வேண்டும். கிளிப்புக்கு அடியில் துரு உப்பினால் காது நெருக்கப்பட்டு நிற்கும். சுத்தியலால் தட்டித்தான் பேடை எடுக்க வேண்டியிருந்தது என்றால் இதுதான் நோய். கிளிப்பை எடுத்துவிட்டு அடியில் இருப்பதை அரத்தால் ராவி, புதுக் கிளிப் போடுங்கள்.

கடைசியாக பிஸ்டன். பழைய பேடை பிஸ்டன் முன் வைத்து, ஒரு ஜி கிளாம்பால் (திருகி நெருக்கும் பிடி) மெல்ல அழுத்துங்கள். நிப்பிள் திறந்திருக்கட்டும். நல்ல பிஸ்டன் எண்ணெயில் போவது போலச் சீராக உள்ளே போகும். கிளாம்பை முழு பலத்தோடு திருக வேண்டியிருந்தால், அல்லது விட்டு விட்டுத் துள்ளிப் போனால், பிஸ்டன் இறுகிவிட்டது. டஸ்ட் பூட்டை விரலால் விலக்கிப் பாருங்கள். பளபளவென்று இருக்க வேண்டிய முலாம் உரிந்து புள்ளி புள்ளியாகத் துரு இருந்தால் ரிப்பேர் கிட் போட்டுப் பயனில்லை. புது சீல் அந்தக் குழிகளில் உரசியே கிழியும். இந்த இடத்தில்தான் நான் காலிப்பர் வாங்கச் சொல்வேன். முலாம் சுத்தமாக இருந்து சீலில் மட்டும் கசிவென்றால் கிட் போதும்.

பிரேக் மிதித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது

முதலில் இரண்டு முன் டயரிலும் காற்றைச் சரிபாருங்கள். சிரிக்காதீர்கள், பாதிக் கேஸ் இதிலேயே முடிந்துவிடும்.

காற்று சரி, ஆனாலும் இழுக்கிறது என்றால், மிதிக்கும்போது மட்டும் இழுக்கிறதா, மிதிக்காதபோதும் இழுக்கிறதா என்று கவனியுங்கள். மிதிக்கும்போது மட்டும் இடப்பக்கம் இழுத்தால், இடப்பக்க பிரேக் ஒழுங்காகப் பிடிக்கிறது, வலப்பக்கம் பிடிக்கவில்லை. பழுது வலப்பக்கம். இழுக்கும் பக்கத்தையே கழற்றி, நன்றாக இருக்கும் காலிப்பரைத் தூக்கிப்போட்டுப் புதிது மாட்டும் ஆட்கள் எத்தனையோ பேர். மிதிக்காமலே இடப்பக்கம் இழுத்து, அந்தச் சக்கரம் சூடாகவும் இருந்தால், பழுது இடப்பக்கமே. அங்கே பிரேக் விடவில்லை, மேலே சொன்ன நிப்பிள் சோதனைக்குப் போங்கள்.

பிடிக்காத பக்கத்தில் மூன்று காரணங்கள் இருக்கலாம். பிஸ்டன் வெளியே வர மறுக்கிறது, ஹோஸ் ஆயிலைப் போகவே விடவில்லை, அல்லது பேட் மேல் கிரீஸோ ஆயிலோ பட்டிருக்கிறது. ஆயில் குடித்த பேடைக் கழுவிக் காயவைத்தும் பயனில்லை. இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் புது பேட் போடுவது இழுப்பை நாமே விலைக்கு வாங்குவது.

சஸ்பென்ஷன் புஷ் தேய்ந்திருந்தாலும் மிதிக்கும்போது வண்டி பக்கவாட்டில் பாயும். பேடும் காலிப்பரும் குறையில்லாமல் இருந்தால் அங்கே தேடுங்கள்.

கழற்றிய பேட் சொல்லும் சேதி

பேடை எடுத்ததும் குப்பையில் போடாதீர்கள். நாலையும் வரிசையாகத் தரையில் வைத்து, எது எங்கே இருந்தது என்று சாக்பீஸால் எழுதுங்கள்.

உள்பக்க பேட் தேய்ந்து தகடு தெரிகிறது, வெளிப்பக்க பேட் தடிமனாக இருக்கிறது: காலிப்பர் வழுக்கவில்லை, பின்கள் இறுகியிருக்கின்றன. ஒரே பேட் ஒரு முனையில் தேய்ந்து மறுமுனையில் தடிமனாக, ஆப்பு வடிவில் இருக்கிறது: இரண்டு பின்னில் ஒன்று மட்டும் இறுகியிருக்கிறது. ஒரு சக்கரத்தில் இரண்டு பேடும் சமமாகத் தேய்ந்து, எதிர்ச் சக்கரத்தில் இரண்டும் புதிது போல இருக்கிறது: தேய்ந்த பக்கம் பிரேக் விடவில்லை, அல்லது தேயாத பக்கம் பிடிக்கவே இல்லை. எது என்று இழுப்பும் சூடும் சொல்லிவிடும். நாலும் சமமாகத் தேய்ந்திருந்தால் காலிப்பர் நன்றாக இருக்கிறது, பேட் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். பேடின் உரசும் பகுதி 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் மாற்றுவதே நல்லது.

பெடல் மெத்தென்று இறங்குகிறது

உள்ளே காற்று இருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. இரண்டு மூன்று முறை மிதித்ததும் பெடல் மேலே வந்து கெட்டியானால் காற்று. மிதித்துப் பிடித்தபடி இருக்கும்போது மெல்ல மெல்லத் தரைக்குப் போனால், நாலு சக்கரத்தின் உள்பக்கத்திலும் ஈரம் பாருங்கள். எங்கும் ஈரம் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் வாஷர் போயிருக்கிறது. அது வேறு வேலை.

பெடல் கல் மாதிரி இருக்கிறது என்றாலும் காலிப்பரைத் தொட வேண்டாம். எஞ்சினை அணைத்து, பெடல் கெட்டியாகும்வரை மிதித்து, மிதித்த காலோடே எஞ்சினைப் போடுங்கள். பெடல் கொஞ்சம் கீழே போக வேண்டும். போகவில்லை என்றால் மிதியின் பலத்தைக் கூட்டும் பூஸ்டர், அதற்கு வரும் வேக்குவம் ஹோஸ், வேக்குவம் பம்ப் இவற்றில் ஒன்று. மிதிக்கும்போது பெடலும் ஸ்டியரிங்கும் அதிர்ந்தால் டிஸ்க் சமமாகத் தேயவில்லை.

நிறுத்திவைத்த வண்டி நகர மறுக்கிறது

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அத்தனை நாளும் கடற்காற்றில் நிற்கும் வண்டியின் டிஸ்க்கும் பேடும் துருவில் ஒட்டிக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழையில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கி ஏறி, அப்புறம் நாலு நாள் நின்ற வண்டிக்கும் இதே கதிதான். முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினால் பெரும்பாலும் "டக்" என்ற சத்தத்தோடு விட்டுவிடும். விட்டதும் காலியான தெருவில் மெதுவாக ஓட்டி நாலைந்து முறை லேசாக மிதித்தால் டிஸ்க்கின் மேல் துரு போய்விடும். அதற்கப்புறமும் சூடானால் துரு உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்.

என்னைக் கேட்டால், தடைக்காலம் தொடங்கிய முதல் வாரத்திலேயே பின்னையெல்லாம் உருவிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்துவிடுவது உத்தமம். வண்டிக்கும் ஓய்வு, அவசரமும் இல்லை. இந்த நாட்களில் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்து நிறுத்தினால் பின் டிரம்மும் ஒட்டாது.

காலிப்பரை மாற்றும் வேலை

பொருள் வாங்கப் புதுப்பேட்டைக்கோ ஜி.பி. ரோட்டுக்கோ போகும்போது பழைய காலிப்பரின் படமும் ஆர்.சி. புத்தகத்தின் நகலும் கையில் இருக்கட்டும். ஒரே பெயரில் ஓடும் வண்டிக்கே வருஷத்துக்கு வருஷம் காலிப்பர் மாறும். புதுப்பேட்டையில் பழைய காலிப்பர் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதன் பிஸ்டன் எந்த ஊர் மழையில் நனைந்தது என்று யாருக்கும் தெரியாது. கதவும் பம்பரும் பழையது வாங்குவேன், பிரேக் வாங்க மாட்டேன். ஹோஸ் போல்ட்டின் இரண்டு பக்கமும் வரும் செம்பு வாஷரைப் புதிதாகக் கேட்டு வாங்குங்கள். பழைய வாஷர் ஒருமுறை நசுங்கியது, மறுபடியும் கசியாமல் அடைக்காது. பிரேக் கிரீஸ் ஒரு சின்ன ட்யூப். சாதாரண மஞ்சள் கிரீஸ் பிரேக் ரப்பரை உப்ப வைத்துவிடும்.

பிரேக் ஆயில் டாட் 3 அல்லது டாட் 4, பிரேக் ஆயில் டேங்க் மூடியிலேயே எழுதியிருக்கும். சீல் உடையாத சின்ன பாட்டிலாக வாங்குங்கள். இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 கொதிப்பது குறைந்தது 205 டிகிரியில். ஈரம் ஏறினால் அது 140 வரை இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230, ஈரத்தில் 155. கொதித்து ஆவியானால் பெடல் தரைக்குப் போகும். ஈரம் தங்கும் இடமும் தாழ்வான காலிப்பர்தான், பிஸ்டன் உள்ளிருந்தே துருப்பிடிப்பது அதனால்தான். கடலோரம் ஓடும் வண்டிக்கு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவது நல்லது. வீட்டில் கிடக்கும் எஞ்சின் ஆயிலோ ஹைட்ராலிக் ஆயிலோ ஒரு சொட்டுகூட டேங்க்கில் விழக்கூடாது. எல்லா ரப்பரும் உப்பிப் போகும்.

அடுத்து இடம். திருவொற்றியூர், காசிமேடு பக்கத்துத் தெருக்களில் கீழே மணல். ஜாக்கி ஒரு பக்கம் புதைந்து வண்டி சாயும். தடித்த பலகை போட்டு அதன் மேல் ஜாக்கி வையுங்கள், ஸ்டாண்டுக்கும் அப்படியே. வண்டியில் லோடு இருக்கக்கூடாது. ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைப் பிடிக்கும், அதைப் போட்டு, பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட்டு அப்புறம் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கையைக்கூட நீட்டாதீர்கள். ஸ்டாண்ட் இல்லாவிட்டால் வேலையை இன்னொரு நாளைக்குத் தள்ளுங்கள். செங்கல்லை அடுக்கி நிறுத்துவது வேண்டவே வேண்டாம், அது சொல்லாமல் நொறுங்கும்.

சக்கரம் கழன்றதும் பிரேக் தூசியை ஊதாதீர்கள், காற்று அடித்தும் விரட்டாதீர்கள். மூச்சில் போகக்கூடாத தூசி. பிரேக் கிளீனர் அடித்தோ ஈரத்துணியாலோ துடையுங்கள்.

ஹோஸ் போல்ட்டை, காலிப்பர் இன்னும் இடத்தில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்துங்கள். கையில் தொங்கும் காலிப்பரில் அந்தப் போல்ட்டைத் திருகுவது பெரும்பாடு. பிறகு பின்களின் போல்ட் இரண்டையும் கழற்றிக் காலிப்பரை எடுங்கள். ஹோஸ் வாயை சுத்தமான ரப்பர் மூடியால் அடையுங்கள். பிளையரால் ஹோஸை நசுக்கி ஆயிலை நிறுத்தும் வழக்கம் இருக்கிறது. அப்படி நசுக்கிய ஹோஸ்தான் அடுத்த வருஷம் உள்ளே மடியும். டேங்க்கில் ஆயில் அளவை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள், அது முழுதும் காலியானால் மாஸ்டர் சிலிண்டருக்குள் காற்று போய் வேலை இரட்டிப்பாகும். ஏபிஎஸ் உள்ள வண்டியில் அந்தக் காற்றை எடுக்க ஸ்கேனர் தேவைப்படலாம். பெயின்ட் மேல் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், விட்டால் பெயின்ட்டை உரித்துவிடும். பேட் மட்டும் மாற்றும் நாட்களில் காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டிவையுங்கள்.

புதுக் காலிப்பரை மாட்டும்போது நிப்பிள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். நிப்பிள் மேலே இருக்க வேண்டும். இடதும் வலதும் மாறினாலும் காலிப்பர் சமர்த்தாகப் பொருந்திவிடும், நிப்பிள் மட்டும் கீழே போய்விடும். காற்று மேலே தங்கும், வழி கீழே இருக்கும். ஒரு லிட்டர் ஆயில் ஊற்றினாலும் பெடல் கெட்டியாகாது.

பின்னுக்கு மெல்லிசாக பிரேக் கிரீஸ் தடவி, பூட்டின் உதடு பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். பேடின் காதிலும் முதுகிலும் துளி கிரீஸ், உரசும் முகத்தில் ஒரு சொட்டும் கூடாது. ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பினாலும் டயரில் உரசாமல் இருக்க வேண்டும். போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்துக் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். கைக் கணக்கில் இறுக்கினால் ஹோஸ் போல்ட்டுதான் முதலில் உடையும், நடுவில் துளையுள்ள போல்ட் அது.

காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். எஞ்சின் அணைந்திருக்கட்டும். பெடலில் உட்காருபவர் சொன்னதை மட்டும் செய்பவராக இருப்பது முக்கியம்.

"மிதி."

"மிதிச்சிட்டேன்ணா."

"எடுக்காத, அப்படியே பிடி."

இந்த நேரத்தில் நிப்பிளைக் கால் சுற்று திறங்கள். ட்யூபில் ஆயிலோடு குமிழ்கள் ஓடும், பெடல் கீழே இறங்கும். நிப்பிளை மூடிய பிறகே "விடு" என்று சொல்லுங்கள். மூடும் முன் அவர் காலை எடுத்தால், போன காற்று அத்தனையும் திரும்ப உள்ளே வந்துவிடும். குமிழ் நின்று, புது ஆயிலின் வெளிர் நிறம் வரும்வரை இப்படியே. நாலைந்து மிதிக்கு ஒருமுறை டேங்க்கை நிரப்புங்கள். ஒரு சக்கரத்தை மட்டும் திறந்து, டேங்க்கும் காலியாகாமல் இருந்தால் அந்தச் சக்கரத்தில் எடுத்தாலே போதும். பின் சக்கரத்திலும் எடுப்பதாக இருந்தால், லோடுக்கு ஏற்ப பின் பிரேக்கை மட்டுப்படுத்தும் வால்வு உள்ள வண்டிகளில் பின் ஆக்சில் தொங்கும்படி தூக்காதீர்கள். வண்டி காலி என்று நினைத்து வால்வு ஆயிலை மட்டுப்படுத்திவிடும்.

சக்கரத்தை மாட்டி, நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, வண்டியை இறக்குங்கள். நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். பிஸ்டன் இன்னும் பேடைத் தொட்டிருக்காது, முதல் மிதி வெறுமையாகத் தரைக்குப் போகும். தெருமுனையில் அதைத் தெரிந்துகொள்ள வேண்டாம். அப்புறம் விடியற்காலையில் ஆளில்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை எட்டுப் பத்து முறை நிதானமாகக் குறையுங்கள், முழுதாக நிறுத்தாமல். பேடும் டிஸ்க்கும் அதில்தான் பழகும். எண்ணூர் சாலைக் கன்டெய்னர் வரிசைக்குள் போய் இதைச் சோதிக்காதீர்கள்.

மாற்றிய பிறகும் தீரவில்லை என்றால்

பெடல் மெத்தென்று இருந்தால் நிப்பிள் மேலே இருக்கிறதா பாருங்கள், பிறகு மறுபடி காற்று எடுங்கள். அதே பக்கம் மறுபடி சூடானால் ஹோஸ் சோதனையைத் தவிர்த்துவிட்டீர்கள், இப்போதாவது செய்யுங்கள். இப்போது மிதிக்கும்போது புதுக் காலிப்பர் போட்ட பக்கம் இழுத்தால் அது நன்றாகப் பிடிக்கிறது, பழைய காலிப்பர் உள்ள பக்கத்துப் பின்கள் பாதி இறுகியிருக்கின்றன, அவற்றையும் உருவிப் பாருங்கள். முதல் சில நாள் வரும் லேசான கீச்சுச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். இரும்போடு இரும்பு உரசும் சத்தமென்றால் பேட் கிளிப் இடம் மாறியிருக்கிறது.

மறுநாள் காலை லோடு ஏற்றும் முன் சக்கர நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். டார்ச் அடித்து ஹோஸ் போல்ட்டைச் சுற்றியும் டயரின் உள்பக்கச் சுவரிலும் பாருங்கள். ஈரம் தெரிந்தால் செம்பு வாஷர் சரியாக உட்காரவில்லை. அதைச் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்க வேண்டாம்.